மூன்வாட்ச், எட் ஒயிட், போக்: விண்வெளிக்குப் போன பழைய வாட்ச்களின் பட்டப்பெயர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் டயல் சீக்கோ ஒன்றைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால், பந்தியில் பக்கத்து இலைக்காரர் கட்டாயம் கேட்பார்: "இதுக்கு ஏதோ அஸ்ட்ரோநாட் பேர் சொல்வாங்களே?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் ஆறிவிடும். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பட்டப்பெயர்ங்கறீங்களே, அது கம்பெனி வெச்ச பேர் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. கம்பெனி வைப்பது எண். 105.003 என்றும் 6139-6005 என்றும் பின்மூடியிலோ அதன் உள்பக்கத்திலோ பொறித்திருக்கும். ஒரே தெருவில் நாலு முருகன் இருந்தால் ஒருவர் நெட்டை முருகன், ஒருவர் மில் முருகன் என்று ஆகிவிடுகிறார் இல்லையா, அதேதான் இங்கேயும். ஒரே மாதிரி இருக்கும் பத்து வாட்சைப் பிரித்துச் சொல்லச் சேகரிப்பவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கட்டியவர் பெயரை வைத்தார்கள், நிறத்தை வைத்தார்கள், சில சமயம் ஒரு புள்ளியின் இடத்தைக்கூட வைத்தார்கள்.

பெயர் நன்றாக விற்கிறது என்று தெரிந்ததும் கம்பெனிகளே அதை எடுத்துக்கொள்வதும் உண்டு. குழப்பத்தில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எல்லாத்துலயும் டயலுக்குள்ள குட்டி குட்டி டயல் இருக்கே, எதுக்கு?

அவை க்ரோனோகிராஃப் வாட்ச்கள். மணி காட்டும் வேலையோடு ஸ்டாப்வாட்ச் வேலையும் செய்யும். மேல் பொத்தானை அழுத்தினால் பெரிய நொடிமுள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டுக்குத் திரும்பும். ஓடிய நிமிடங்களைக் குட்டி டயல் எண்ணிக்கொண்டிருக்கும். ராக்கெட் எஞ்சினை இத்தனை நொடி எரிக்க வேண்டும் என்ற கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு, கம்ப்யூட்டர் கைவிட்டால் மிஞ்சியது இதுதான்.

மூன்வாட்ச்னா எது? நிலாவுக்குப் போனதெல்லாம் மூன்வாட்சா?

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ப்ரொஃபெஷனல். 1957-இல் ஸ்பீட்மாஸ்டர் வந்தபோது அது கார் பந்தயக்காரர்களுக்கான வாட்ச். கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்பு வளையத்தில் இருக்கும் எண்கள் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று கணக்கிடத்தான். நிலாவில் அந்த எண்களுக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது.

1969 ஜூலையில் நிலாவில் இறங்கியபோது நீல் ஆம்ஸ்ட்ராங் தன் வாட்சைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டார். உள்ளே இருந்த நேரங்காட்டி பழுதானதால் அதற்குப் பதிலாக வைத்துவிட்டுப் போனார். ஆகவே நிலாவில் கால் வைத்த முதல் மனிதரின் கையில் வாட்ச் இல்லை. பின்னாலேயே இறங்கிய பஸ் ஆல்ட்ரின் கட்டியிருந்தது ஸ்பீட்மாஸ்டர் 105.012. 'மூன்வாட்ச்' என்ற பெயர் அந்தக் கையிலிருந்து வந்தது. இன்று ஒமேகாவே விளம்பரத்தில் அதைப் போட்டுக்கொள்வதால் போன வாரம் செய்த வாட்சும் மூன்வாட்ச்தான்.

ஆல்ட்ரின் கட்டின அந்த வாட்ச் இப்ப எங்க?

யாருக்கும் தெரியாது. ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டபோது வழியில் காணாமல் போனது. ஆம்ஸ்ட்ராங்குடையது அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருவராவது "அது என்கிட்ட இருக்கு" என்று கிளம்புவார். கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நாசா ஏன் ஒமேகாவை எடுத்தாங்க? கடையில போய் சும்மா வாங்கினாங்களாமே?

ஹூஸ்டனில் ஒரு கடைக்கு யாரோ மாறுவேடம் மாதிரிப் போய் வாங்கி வந்தார்கள் என்ற கதை சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அது இல்லை. 1964-இல் நாசா கம்பெனிகளிடம் முறைப்படி மாதிரிகள் கேட்டது. பொறுப்பாளர் ஜேம்ஸ் ரேகன் என்ற பொறியாளர். ஒமேகா, ரோலெக்ஸ், லாஞ்சீன்ஸ்-விட்னவர் மூன்றும் கைக்கடிகாரம் அனுப்பின. ஹாமில்டன் அனுப்பியது பாக்கெட் கடிகாரம், பார்த்ததுமே தள்ளிவிட்டார்கள்.

பிறகு 11 சோதனைகள். 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம், தொடர்ந்து 93 டிகிரியில் அரை மணி, பிறகு கடுங்குளிர், வெற்றிடம், ஈரப்பதம், அதிர்ச்சி. ரோலெக்ஸ் ஈரப்பதத்தில் நின்றது, சூட்டில் முள் வளைந்தது. லாஞ்சீன்ஸின் கண்ணாடி நெளிந்து கழன்றது. ஒமேகாவும் அடி வாங்கியது, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. 1965 மார்ச் 1-ஆம் தேதி தகுதி பெற்றது.

'எட் ஒயிட்'னு விக்கறாங்களே, அது ஆள் பேரா?

ஆள் பேர்தான். 1965 ஜூன் 3-ஆம் தேதி ஜெமினி 4 கலத்திலிருந்து வெளியே வந்து மிதந்த முதல் அமெரிக்கர் எட் ஒயிட். வெள்ளை உடையின் கை மேல், நீளமான வெல்க்ரோ பட்டையில் கட்டியிருந்த வாட்ச் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரியும். அது 105.003. தங்கள் வாட்ச் விண்வெளியில் இருக்கிறது என்பதே ஒமேகாவுக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று சொல்வார்கள்.

அடையாளம் எளிது. சாவித் திருகின் இருபுறமும் உடல் நேராக இருக்கும், திருகுக்குக் காவலாக மேடு கிடையாது. டயலில் 'ப்ரொஃபெஷனல்' என்ற சொல்லும் இருக்காது. அந்தச் சொல்லும் மேடும் அடுத்து வந்த 105.012-இல்தான். உள்ளே இருப்பது 321 என்ற கையால் சாவி கொடுக்கும் மெஷின். 2020-இல் ஒமேகா அந்த மெஷினை மறுபடி செய்து, பழைய உருவத்திலேயே ஒரு வாட்ச் வெளியிட்டது. அதையும் எல்லோரும் எட் ஒயிட் என்றே கூப்பிடுகிறார்கள். விற்பவர் வெறுமனே 'எட் ஒயிட்' என்றால் எந்த வருஷம் என்று கேளுங்கள்.

எட் ஒயிட் 1967 ஜனவரி 27-ஆம் தேதி அப்போலோ 1 தீ விபத்தில் இறந்துபோனார். தன் பேரில் ஒரு வாட்ச் இருப்பது அவருக்குத் தெரியாது.

அப்ப 'ஃபர்ஸ்ட் ஒமேகா இன் ஸ்பேஸ்'ங்கறது எட் ஒயிட்தானே?

இல்லை, அதற்கும் மூன்று வருஷம் முந்தியது. 1962 அக்டோபர் 3-ஆம் தேதி மெர்குரி கலத்தில் பறந்த வாலி ஷிரா தன் சொந்த வாட்சைக் கட்டிப் போனார். அது ஸ்பீட்மாஸ்டர் சிகே 2998. நாசா சோதனை செய்யவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அந்தப் பெயரும் சேகரிப்பவர்கள் வாயில் பிறந்ததல்ல. 2012-இல் ஒமேகா மறுபதிப்புக்குச் சூட்டியது. பழைய 2998-ஐ இப்போது அந்தப் பெயரால் அழைப்பது, பேரனின் பெயரைத் தாத்தாவுக்கு வைப்பது மாதிரி.

'போக்' பத்தி சொல்லுங்க. சீக்கோவுக்கு எப்படி அமெரிக்கப் பேரு?

எனக்குப் பிடித்த கதை. வில்லியம் போக், ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் கடைசிக் குழுவில் இருந்தவர். 1973 நவம்பர் 16 முதல் 1974 பிப்ரவரி 8 வரை, 84 நாள் மேலே இருந்தார். பயிற்சிக் காலத்தில் நாசாவின் ஒமேகா அவர் கைக்கு வரத் தாமதமானது. அதற்குள் 1972-இல் எல்லிங்டன் விமானப்படைத் தளத்து ராணுவக் கடையில் 71 டாலருக்கு ஒரு மஞ்சள் டயல் சீக்கோ வாங்கி, எஞ்சின் எரியும் நேரத்தை அதில் அளந்து பழகிவிட்டார். ஒமேகா வந்தது. பழகியதை விட மனம் வரவில்லை. உடையின் கால்பக்கப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார், யாரிடமும் அனுமதி கேட்காமல்.

பல வருஷம் இது யாருக்கும் தெரியாது. பழைய ஸ்கைலேப் படங்களில் மஞ்சளாக ஏதோ தெரிகிறதே என்று கவனித்த சேகரிப்பாளர்கள் தேடி, அவரிடமே கேட்டு உறுதி செய்த பிறகுதான் பெயர் ஒட்டியது. 2008-இல் அந்த வாட்ச் ஏலத்துக்கு வந்து 5,975 டாலருக்குப் போனது. இன்று வந்தால் பின்னால் எத்தனை சைபர் சேரும் என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

அந்த சீக்கோ தானியங்கி, அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும் வகை. அவருக்கு முன்னால் தானியங்கி க்ரோனோகிராஃப் எதுவும் விண்வெளிக்குப் போனதாகத் தெரியவில்லை. ஜெர்மானியர் ரைன்ஹார்ட் ஃபுரர் 1985-இல் கட்டிப்போன ஸின் 140-தான் முதல் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். கால்பைக்குள் ஒளிந்து போன சீக்கோ அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது.

ஆட்டோமேட்டிக் வாட்ச் எடை இல்லாத இடத்துல எப்படி ஓடும்? உள்ள இருக்கற தட்டு விழுந்தாத்தானே சுத்தும்?

நல்ல கேள்வி, பொறியியல் படித்தவர்களும் இதில் தடுமாறுவார்கள். தானியங்கி வாட்சுக்குள் ஒரு பக்கம் கனமான அரைவட்டத் தட்டு இருக்கிறது. கீழே நாம் கையை ஆட்டும்போது ஈர்ப்பு அதை இழுப்பதும் உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோமே, அந்த நிலைமம் எடையில்லாத இடத்திலும் இருக்கிறது. கை திரும்பும், தட்டு தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அந்த வித்தியாசத்தில் சுருள்வில் இறுகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போக்கின் சீக்கோவுக்குள் இருந்த 6139 மெஷினில் கையால் சாவி கொடுக்கவே முடியாது. திருகை அழுத்தினால் தேதியும் கிழமையும் மாறும், சுழற்றினால் டயலோரத்து உள்வளையம் நகரும், அவ்வளவுதான். ஆக, போக் கை அசைத்ததில்தான் அது 84 நாள் ஓடியது.

மஞ்சள் டயல் 6139 எல்லாமே போக்தானா? நீலத்தையும் 'புளூ போக்'னு போடறாங்களே?

கறாராகப் பார்த்தால், போக் என்பது ஒரே ஒரு வாட்ச், அது ஏலத்தில் போய்விட்டது. கொஞ்சம் தளர்த்தினால் அவர் கட்டிய 6139-6005-இன் மஞ்சள் டயல். இன்னும் தளர்த்தினால், வேறு நாடுகளில் விற்ற 6139-6002 மஞ்சளும். நான் இங்கே நின்றுவிடுவேன். 'புளூ போக்' என்பது அர்த்தமில்லாத பேச்சு, அவர் நீலம் கட்டவில்லை. நீல டயலுக்கு வேறொரு பெயரே இருக்கிறது: பந்தயக் கார் ஓட்டிய பிரெஞ்சுக்காரர் ஃபிரான்ஸ்வா செவேர் கட்டியதால் 'செவேர்'.

சூரிய ஒளியில் ஓடும் புது சீக்கோ ஒன்று இதே நிறச் சேர்க்கையில் வந்ததும் அதை 'சோலார் போக்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் இப்படித்தான் இழுபட்டுக்கொண்டே போகும்.

நம்ம ஊர்ல மலிவா ஒரு போக் கிடைக்குது, வாங்கலாமா?

பொறுங்கள். நான் முதலில் வாங்கிய 'போக்' பளபளவென்று எலுமிச்சை மஞ்சளில் இருந்தது. ஐம்பது வருஷ டயல் எப்படி இவ்வளவு புதுசாக இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை, ஆசை கண்ணை மறைத்தது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகள் கொழகொழவென்று, நிமிடக் கோடுகள் ஒழுங்கில்லாமல். மேலே புது பெயின்ட் அடித்து அச்சடித்த டயல். இப்படி இந்தியாவில் ஒப்பேற்றிய பழைய வாட்சை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். அதுவும் ஒரு பட்டப்பெயர்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

பின்மூடியைப் பாருங்கள். ஆறு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருஷம், இரண்டாவது மாதம். 2-இல் தொடங்கினால் 1972. ஆரம்பகால டயல்களில் 'வாட்டர் ப்ரூஃப்' என்றும் பிறகு 'வாட்டர் ரெசிஸ்ட்' என்றும் இருக்கும். 1975 மூடியில் 'ப்ரூஃப்' டயல் இருந்தால் இரண்டு வாட்ச் சேர்ந்து ஒன்றாகியிருக்கிறது. பொத்தானை அழுத்தி ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பிப் பாருங்கள். நொடிமுள் சரியாகப் பன்னிரண்டுக்கு வராவிட்டால் ரிப்பேர் செலவைக் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். இந்த மெஷினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு.

'பெப்ஸி'யும் விண்வெளி வாட்சாமே? போக்லயும் சிவப்பு-நீலம் இருக்கே?

'பெப்ஸி' நிறத்துக்கு வைத்த பெயர், ஆளுக்கோ பயணத்துக்கோ இல்லை. வளையம் பாதி சிவப்பு, பாதி நீலம் என்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெப்ஸி. சிவப்பும் கறுப்பும் என்றால் 'கோக்'. பெப்ஸி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ரோலெக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர். சோதனையில் தோற்ற ரோலெக்ஸ் வேறு மாடல். இதைச் சில வீரர்கள் சொந்தப் பணத்தில் வாங்கிக் கட்டிப்போனார்கள்: அப்போலோ 14-இல் எட்கர் மிட்செல், 17-இல் ரான் எவன்ஸ்.

அப்போலோ 13-இன் ஜாக் ஸ்விகெர்ட்டிடமும் ஒரு ஜிஎம்டி இருந்தது. ஆனால் கலம் பழுதாகி, பாதையைத் திருத்த எஞ்சினை 14 நொடி எரிக்க வேண்டி வந்தபோது அவர் நேரம் பார்த்தது ஒமேகாவில். அதற்காகவே 1970 அக்டோபரில் வீரர்கள் ஒமேகாவுக்கு வெள்ளி ஸ்னூப்பி விருது கொடுத்தார்கள். ஸ்னூப்பி நாய்ப் படம் போட்ட ஸ்பீட்மாஸ்டர்கள் அதன் நினைவாக 2003 முதல் வந்தவை, ஆகவே பழைய வாட்ச் கணக்கில் சேராது.

நிலாவுல ஒமேகா தவிர வேற வாட்சே இல்லையா?

1971-இல் அப்போலோ 15-இன் டேவ் ஸ்காட் இரண்டாம் முறை வெளியே போய் வந்தபோது அவருடைய ஒமேகாவின் கண்ணாடி கழன்றுவிட்டது. மூன்றாம் முறை, தன்னுடன் வைத்திருந்த புலோவா க்ரோனோகிராஃபைக் கட்டிக்கொண்டு இறங்கினார். 2015-இல் அது 16 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. ஆச்சரியம், அதற்கு ஒட்டிய பட்டப்பெயர் ஒன்றுகூட இல்லை. காரணம் என் கணிப்பில் எளிது: அந்த மாடல் அப்போது கடையில் விற்கவே இல்லை, ஒரே மாதிரிப் பத்து இருந்தால்தானே பிரித்துச் சொல்லப் பெயர் வேண்டும்? 'லூனார் பைலட்' என்பது புலோவா பிற்பாடு தன் மறுபதிப்புக்கு வைத்துக்கொண்ட பெயர்.

'காஸ்மோனாட்' ரஷ்ய வாட்சா?

அதுதான் வேடிக்கை. பிரைட்லிங் நேவிடைமர் காஸ்மோனாட் சுவிஸ் வாட்ச், கட்டியவர் அமெரிக்கர் ஸ்காட் கார்ப்பென்டர், 1962 மே 24. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை சூரியன் உதிக்கும் இடத்தில் பகல் பன்னிரண்டா இரவு பன்னிரண்டா என்று குழம்பக் கூடாதென்று 24 மணி டயல் கேட்டு வாங்கினார். திரும்பும்போது கலம் குறித்த இடத்தைத் தாண்டிக் கடலில் விழுந்தது, வாட்சில் உப்புநீர் புகுந்து கெட்டது. காஸ்மோனாட் என்பது கம்பெனி வைத்த பெயர்.

ரஷ்யப் பக்கம் 1961 ஏப்ரல் 12-ஆம் தேதி யூரி ககாரின் கட்டியிருந்தது மாஸ்கோ முதல் வாட்ச் தொழிற்சாலையின் 'ஷ்தூர்மான்ஸ்கியே'. வழிகாட்டி அதிகாரி என்ற பொருளில் டயலிலேயே அச்சிட்ட பெயர். ராணுவ விமானிகளுக்குக் கொடுத்தது, கடையில் கிடைக்காது. 1965-இல் முதன்முதலாக விண்வெளியில் மிதந்த அலெக்ஸெய் லியோனவ் கையில் 'ஸ்த்ரெலா', அதாவது அம்பு. இவற்றை யாரும் 'ககாரின்', 'லியோனவ்' என்று கூப்பிடுவதில்லை. டயலிலேயே பெயர் இருந்தால் பட்டப்பெயருக்கு வேலை இல்லை.

விண்வெளிக்கே போகாம பேர் மட்டும் பெரிசா இருக்கற வாட்ச் உண்டா?

நிறைய. 'அல்ட்ராமேன்' என்பது 1960களின் கடைசியில் வந்த, ஆரஞ்சு நொடிமுள் கொண்ட ஸ்பீட்மாஸ்டர். ஜப்பானிய அல்ட்ராமேன் தொலைக்காட்சித் தொடரில் வந்ததால் அந்தப் பெயர். 'ஹோலி கிரெயில்' 1980களின் ஒரு தானியங்கி ஸ்பீட்மாஸ்டர், சேகரிப்பாளர்களின் ஆசையைத் தவிர அதில் புனிதம் எதுவுமில்லை. 'அலாஸ்கா' என்று சிவப்புக் கவசம் போட்ட ஒன்றைப் பார்ப்பீர்கள். அது விண்வெளிக்கென்றே ஒமேகா செய்து பார்த்த சோதனை மாடல். பனிக்கும் பெயருக்கும் தொடர்பில்லை, போட்டிக் கம்பெனிகள் மோப்பம் பிடிக்காமலிருக்க வைத்த ரகசியப் பெயர்.

'ப்ரீ-மூன்', 'டாட் ஓவர் நைன்ட்டி'னு விலை ஏத்தறாங்க. நியாயமா?

'டாட் ஓவர் நைன்ட்டி' நியாயம், ஏனென்றால் கண்ணால் பார்க்கலாம். சுமார் 1970 வரை வந்த ஸ்பீட்மாஸ்டர் வளையங்களில் 90 என்ற எண்ணுக்கு நேர் மேலே புள்ளி இருக்கும், பிறகு அது பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் வளையம் கழற்றி மாட்டக்கூடியது. போலியும் வருகிறது. வளையத்தின் விலைக்கே ஒரு நல்ல புது வாட்ச் வாங்கிவிடலாம் என்ற நிலையில், புள்ளியை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

'ப்ரீ-மூன்', அதாவது நிலாவுக்கு முந்தையது என்பது, வழுக்குகிற சொல். 321 மெஷின் உள்ளவை மட்டும்தான் என்பார் ஒருவர். 1968-இல் மெஷின் 861-ஆக மாறியது. பின்மூடியில் 'நிலாவில் அணிந்த முதல் வாட்ச்' என்ற வாசகம் வருவதற்கு முந்தைய 861-களையும் சேர்ப்பார் இன்னொருவர். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது. அதனால் பின்மூடியைத் திறந்து, மெஷினும் உள்பக்க எண்ணும் தெரியப் படம் அனுப்பச் சொல்லுங்கள். படம் வராவிட்டால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, உங்க கையில இருக்கற மஞ்சள் சீக்கோ ஒரிஜினல் போக்கா?

6139-6002. மேலே சொன்னபடி, தளர்ந்த கணக்கில் மட்டும் போக். டயல் அசல், உள்வளையம் பிற்பாடு மாற்றியது, நொடிமுள் திரும்பும்போது ஒரு கோடு பிந்தி நிற்கும். பந்தியில் யாராவது கேட்டால் "ஆமாம், போக்" என்றுதான் சொல்கிறேன். பாயசம் ஆறக் கூடாதே.